பூஜையில் இருந்த ஜிக்கு

உளுந்தூர்பேட்டை பைபாஸில் நாராயணசாமியின் லேத்துப் பட்டறையில் டிரில்லிங் மிஷினுக்கு வந்த ஆள் எவனும் ஒரு வருஷம் தாண்டியதில்லை. ஜெயசுதா ஒன்பது வருஷம் தாண்டினாள். கரும்பு வெட்டப் போன காலத்தில், மேலே கை வைத்த மேஸ்திரியின் காதைக் கடித்துத் துப்பினவள் என்று திருநாவலூர்ப் பக்கம் ஒரு பேச்சு உண்டு. பொய்யில்லை. அடிக்க வந்த புருஷனின் மண்டையையும் உலக்கையால் பிளந்துவிட்டுத்தான் இரண்டு பெண்பிள்ளைகளோடு வெளியேறினாள்.

அவளைப் பட்டறையில் சேர்த்துவிட்டவர் வெல்டர் இளவரசன், ஐம்பது வயசுக்காரர். தகட்டை அசையவிடாமல் இறுக்கி, டிரில்லைச் சரியான இடத்தில் இறங்க வைக்கும் ஜிக்கை அவளுக்கென்றே செய்து கொடுத்தவரும் அவர்தான். கூடப் பிறந்த அண்ணனிடம் கூட அவளுக்கு அத்தனை மரியாதை கிடையாது.

அந்தச் சனிக்கிழமை விஜயதசமி. முந்தின நாள் ஆயுத பூஜையில் சாமி படத்துக்கு முன்னால் அடுக்கிச் சந்தனம் வைத்த சாமான்களோடு ஜிக்கும் இருந்தது. ஒன்பதரைக்கு மணலூர்பேட்டையிலிருந்து ஒரு டிராக்டர்க்காரன் வந்து குதித்தான். கரும்பு டிரெய்லர் நடுரோட்டில் நிற்கிறதாம். வட்டத் தகட்டில் ஆறு துளை உடனே வேண்டுமாம்.

ஜெயசுதா ஜிக்கை எடுக்கப் போனாள். நாராயணசாமி மறித்தார்.

“பத்தரை வரிக்கும் ராவுகாலம். பூஜைல வச்சதத் தொடாத. மிஷினு பாட்டுக்கு ஓடட்டும். இளவரசா, நீ தகட்டக் கையால புடி. சுதா, நீ எறக்கு.”

ராகுகாலம் ஜிக்குக்கு மட்டும்தானாம். மிஷினுக்கும் மனுஷன் கைக்கும் கிடையாதாம்!

ஐந்து துளை ஒழுங்காக விழுந்தது. ஆறாவதில், அடியைத் துளைத்து வெளியேறும் நேரம், டிரில் தகட்டைக் கவ்விக்கொண்டது. இளவரசனின் பிடியை உதறிவிட்டுத் தகடு சுழன்றது. கேஸ் கட்டிங்கில் வெட்டிய அதன் விளிம்பு அரம் மாதிரி இருக்கும். இரண்டே சுற்றில் அவருடைய வலது முன்கை எலும்போடு அறுந்து தோலில் தொங்கியது. மிஷினுக்குப் போட்டிருந்த சாமந்தி மாலை ரத்தத்தில் நனைந்தது.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அவருடைய ஆதார் கார்டை எடுக்க ஜெயசுதா மத்தியானம் பட்டறைக்குத் திரும்பினாள். தரை கழுவியிருந்தது. பூஜையில் இருந்த ஜிக்கு, அப்போதுதான் கழட்டினது போல, போல்ட்டுகளோடு மிஷின் மேல் கிடந்தது. நாராயணசாமி இரண்டு போலீஸ்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

“குடிச்சிட்டு வந்து ஜிக்கக் கழட்டிட்டான் சார். நான் வேணான்னு கத்திக்கினே இருந்தேன்.”

அது எழுத்தில் ஏறினால் இளவரசனுக்கு நஷ்டஈடு போச்சு. சாகும்வரை குடிகாரன் என்ற பெயரும் மிச்சம். ஜெயசுதா பாய்ந்தாள். நாராயணசாமியின் கையை இழுத்து இரும்பை இறுக்கிப் பிடிக்கும் பெஞ்சு வைஸின் வாயில் திணித்து, உடம்பு பாரம் மொத்தத்தையும் கைப்பிடியில் போட்டுத் திருகினாள். விரல்கள் முறிந்த சத்தம் ரோட்டுக்குக் கேட்டது. ஒரு போலீஸ்காரர் முடியைப் பிடித்து இழுத்தார். மற்றவர் முதுகில் லத்தியால் விளாசினார். அவள் இன்னொரு சுற்று திருகினாள்.

“சொல்லுய்யா! இன்னா சொன்ன காலையில?”

“நாந்தான் கையால புடிக்கச் சொன்னேன்! ஜிக்கு பூஜைல இருந்துச்சி! வுட்டுடு, தாயே!”

போலீஸ் அதையும் எழுதிக்கொண்டது, அவளையும் ஜீப்பில் ஏற்றியது. பதினெட்டு நாள் உள்ளே இருந்தாள். ஜாமீனில் வந்ததும் பிள்ளைகளைக் கூடப் பார்க்காமல் நேரே இளவரசன் வீட்டுக்குப் போனாள்.

“உம்பேர்ல தப்பில்லன்னு எழுதிட்டாங்கணா” என்றாள். சொல்லும்போது அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

இளவரசன் கட்டுப்போட்ட மொட்டைக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“ஆறாவது தொளைக்கு முன்னால, கை வழுக்குது, இரு சுதான்னு சொன்னேனே. காதுல வுழலியா?”

மிஷின் சத்தத்தில் கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். அவரும் நம்பியிருப்பார்.

“வுழுந்திச்சிணா” என்றாள். “ஒண்ணுதானே, முடிச்சிடலாம்னு எறக்கிட்டேன்.”

அவர் அடிக்கட்டும் என்று கன்னத்தைக் கொடுத்தபடி நின்றாள். அவர் அடிக்கவில்லை.