சேமக்காலைக்குள்ள மெஷின் கொண்டு போகலாமோ?

மெட்டல் டிடெக்ரர் தூக்கித் திரியிற தொழிலில ஒவ்வொரு பீப்புக்கும் நெஞ்சு ஒருக்காத் துள்ளும், கிண்டிப் பாத்தாக் கோக் ரின்ர மூடி வரும். உங்களிலயும் ஆரும் மெஷின் வாங்கி வீட்டில பேச்சும் வாங்கினனியளெண்டா நான் சொல்லுறது விளங்கும். கிழமை நாளில எனக்குப் பெற்றோல் செட்டில வேலை. இதையும் அங்க இருந்துதான், கார் வராத நேரமாப் பாத்து ரைப் அடிக்கிறன். சனி ஞாயிறு மெஷின். தோர்ண்டன் ஹீத் தமிழ்க் கடைக் கண்ணாடியில ஒரு மட்டை ஒட்டியிருக்கிறன்: "மோதிரம், தோடு, தாலி துலைஞ்சால் கூப்பிடுங்கோ. தேடித் தரப்படும்."

பார்க், வளவு, விளையாட்டு மைதானம், எங்கயும் தேடுவன். ஒரு இடத்தில மட்டும் எனக்குக் கேள்வி இன்னும் தீரேல்லை.

கம்பி வேலிக்கு அங்கால

மெஷின் வாங்கின புதுசு. ஒரு பழைய சேர்ச்சுக்குப் பக்கத்துப் பார்க்கில தேடக் கவுன்சில் லெற்றர் தந்திருந்தது. ஆக்களைப் புதைக்கிற சேர்ச்சின்ர சேமக்காலைக்கும் பார்க்குக்கும் நடுவில ஒரு கம்பி வேலி. வேலியடிக்குப் போகப் போகச் சத்தம் கூடுது! எனக்கு விசர் பிடிச்ச மாதிரி. அங்கால என்ன கிடக்கோ, எந்த ராசா காலத்துக் காசோ! மெஷின்ர தட்டைக் கம்பிக்குள்ளால நைசா உள்ளுக்க விட்டன். (சத்தம் போட்டது அந்த இரும்பு வேலிதான் எண்டு பிறகுதான் விளங்கினது. அதை விடுங்கோ.)

நாயோட வந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவர் நிண்டு பாத்தார். நான் கெதியா லெற்றரை எடுத்து நீட்டினன். கண்ணாடியைப் போட்டு முழுக்க வாசிச்சு, வடிவா மடிச்சுத் திருப்பித் தந்தார். "இது கவுன்சில் தந்தது. உள்ளுக்க கிடக்கிறவை உமக்கு லெற்றர் தந்தவையோ?"

எரிக்கிறவையும் புதைக்கிறவையும்

அண்டு முழுக்க எனக்கு அதே யோசினை. நகையோட புதைக்கிறவை, அது அங்கயே இருக்கட்டும் எண்டுதானே புதைக்கினம்? சரி, அதைத் தொடக் கூடாது. ஆனா பூ வைக்க வந்த ஒராள் நடைபாதையில விட்ட காசு? அது ஆருக்குச் சொந்தம்? இருநூறு வருசமா ஒருத்தரும் எட்டிப் பாக்காத குழியெண்டா?

என்னோட ஒரே றூமில இருக்கிற சிவாவிட்டக் கேட்டன். நான் வேதக்காரன், மாதா கோயிலுக்குப் போறவன்; அவன் சைவம். கறிச்சட்டியில இருந்து தலையை நிமித்தாமலே சொன்னான்: "அதுக்குத்தான் மச்சான் நாங்கள் எரிக்கிறது. எங்கட அப்பரிட்ட ஒருத்தனும் மெஷின் கொண்டு வரமாட்டான்."

ஒரு கை மண்

மோர்டனில இருக்கிற ஜெசிந்தா அக்கா ரெலிபோன் எடுத்தா. எங்கட கோயில் ஆள்தான். அதுக்கு முதல் சனிதான் அவவின்ர அண்ணன் அன்ரனை அடக்கம் செய்தது, நானும் போனனான். வெள்ளைக்காரர் எண்டா ஒரு சின்னப் பெட்டியில இருந்து உப்புப் போடுற மாதிரி ஒரு சிட்டிகை மண் எடுத்துப் போடுவினம். அண்டைக்கும் அந்தப் பெட்டியை நீட்டினவை. எங்கட சனம் அதைக் கவனிக்கவே இல்லை. நேரக் குவிச்சுக் கிடந்த மண்ணுக்குப் போய், கை நிறைய அள்ளி, அழுது கொண்டு வீசினம், மூண்டு தரம். நல்ல குளிர். அக்கா அண்ணன்ர வருத்தத்துக்கு ஆஸ்பத்திரி எண்டு ஓடித் திரிஞ்சு மெலிஞ்சு போனா, கலியாண மோதிரத்துக்கு நூல் சுத்தித்தான் போட்டிருந்தவ. மண்ணோட மோதிரமும் போயிட்டுது. ஹோலுக்கு வந்து தேத்தண்ணிக் கப்பைப் பிடிக்கேக்கைதான் கண்டவ.

புருசன் சேவியர் அண்ணை யாழ்ப்பாணத்தில. கலியாணம் முடிச்சு அஞ்சு மாதத்தில அக்கா இங்க வர, பிரிஞ்சதுகள், ஆறு வருசமாச்சு. இப்பதான் விசா சரிவந்து, இன்னும் மூண்டு கிழமையில வாறார். அக்கா அழேல்லை, மெதுவாத்தான் சொன்னா: "தம்பி, அவர் எயார்போட்டில முதல் என்ர கையைத்தான் பாப்பார். நான் என்னத்தைக் காட்ட?"

ஆரிட்டக் கேக்கிறது

கிழவர் சொன்னது எனக்கு மறக்கேல்லை. மெஷினைக் காருக்க விட்டிட்டு, முதல்ல சேமக்காலை ஒபிசுக்குப் போனன். அங்க இருந்த வெள்ளைக்காரர் பொறுமையாக் கேட்டார். மிஞ்சின மண்குவியலைத் தாராளமாத் தேடலாமாம். குழிக்கு மேல எண்டா, அன்ரன் அண்ணையின்ர மனுசி றெஜினா அக்கா சம்மதிக்க வேணும், அவ பக்கத்தில நிக்க வேணும். மண்வெட்டி கூடாது, வெறுங்கை, அதுவும் ஒரு சாணுக்கு மேல போகக் கூடாது.

என்ர மெஷினுக்குக் கேக்கிறதும் ஒரு சாண்தான் எண்டன். மனுசன் சிரிச்சுப் போட்டுச் சொன்னார்: "நிலம் கவுன்சில்ர, படுத்திருக்கிறவர் அவவின்ர. உமக்கும் மெஷினுக்கும்தான் இதில ஒண்டும் சொந்தமில்லை."

ஒரு பீப்

ஞாயிறு பூசை முடிய அக்காமார் ரெண்டு பேரும் நானும் போனம். மண்குவியலில ஒரு மணித்தியாலம். ஆணி, வெள்ளித்தாள், கோக் ரின் மூடி. மோதிரம் இல்லை. றெஜினா அக்கா தலையாட்ட, குழிக்கு மேல தட்டைக் கொண்டு போனன். தலைமாட்டில பீப்! சுத்தமான, பலத்த சத்தம். "இருக்கு அக்கா, இருக்கு!" எண்டு கத்தினன். ஜெசிந்தா அக்கா சேறெண்டும் பாராமல் முழங்காலில விழுந்து கையை மண்ணுக்க விட்டா.

"தொடாதை!" எண்டா றெஜினா அக்கா. ஜெசிந்தா அக்கா கையை எடுத்திட்டா. "அது மோதிரமில்லை. வீட்டுத் திறப்பு, கதவுச் சாவி. மூண்டாம் நாள் வந்து நான்தான் தாட்டனான்." அவவிட்ட ரெலிபோனில மட்டும் சம்மதம் கேட்டிட்டுத் தனிய வந்திருந்தா, அதைக் கிண்டி எடுத்து, பழந்திறப்பு எண்டு பக்கற்றுக்க போட்டிருப்பன். ஏன் வைச்சனீங்கள் எண்டு ஜெசிந்தா அக்காதான் கேட்டா. "உன்ர அண்ணர் எந்த நாளும் திறப்பை மறந்து போட்டு வாசலில நிண்டு பெல் அடிக்கிறவர். இந்த முறையும் வெளியில நிக்கக் கூடாதெண்டுதான்."

ரெண்டாம் தரம்

பிறகு அவவே குனிஞ்சு, தன்ர கையாலயே திறப்பை எடுத்தா. "அதின்ர சத்தத்தில மற்றது கேக்காமல் இருக்கும். இப்பப் பார் தம்பி." பாத்தன். குறுக்கால, நெடுக்கால, கால்மாட்டில. ஹெட்ஃபோனுக்க ஒரு சத்தமும் இல்லை. மோதிரம் ஒரு சாணுக்குக் கீழ போயிட்டுது.

எனக்கு மனம் கேக்கேல்லை. இன்னும் ஒரு முழம் கிண்டினால்? ஒபிஸ்காரர் தூரத்தில, திரும்பியும் பாக்கேல்லை. ஜெசிந்தா அக்காவின்ர முகத்தைப் பாத்தன். அவ வெறுவிரலைத் தடவினா. பிறகு றெஜினா அக்காவின்ர கையில இருந்த திறப்பை வாங்கி, இருந்த இடத்திலயே வைச்சு, மண்ணை மூடித் தட்டினா. "காணும் மச்சாள், போதும். இனி ஆரும் கிண்ட வேண்டாம்."

எயார்போட்

கார் என்ர. அதால நானும் போனனான். சேவியர் அண்ணை தள்ளுவண்டியோட வெளியில வந்தார். அக்கா சொன்ன மாதிரியே முதல் பார்வை கையிலதான். அக்கா மறைக்கேல்லை. அழுதழுது, ஒரே மூச்சில முழுக்கச் சொன்னா: மண், குளிர், நூல், திறப்பு. மனுசன் பொறுமையாக் கேட்டார். இந்தச் சம்பந்தத்தைப் பேசி, சேவியர் அண்ணையின்ர கையில அக்காவைப் பிடிச்சுக் குடுத்ததே அன்ரன் அண்ணைதானாம். எனக்கு அது அப்பதான் தெரியும்.

"அன்ரனிட்டத் தானே இருக்கு? வேற ஒருத்தரிட்டயும் இல்லையே," எண்டு சொல்லி அந்த வெறுவிரலைப் பிடிச்சார். "வா, வீட்டை போவம்."

மெஷின் தூக்கின இத்தினை காலத்தில, தேடினதைக் கண்டுபிடிக்காததுக்கு எனக்கு ஒரு தட்டு மட்டன் ரோல்ஸ் தந்த வீடு அது ஒண்டுதான்.