கோடுகள் போய்ச் சேர்ந்த வாசல்

ராத்தாவுக்குச் சம்பந்தம் பேசி வந்த வருஷம் வீட்டில் எல்லோருமே களைத்துப் போயிருந்தோம். வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் செய்துபார் என்பார்கள். எங்கள் சாய்ந்தமருதில் பெண்ணைப் பெற்றவர் இரண்டையும் ஒன்றாகச் செய்துபார்க்க வேண்டும். மகளுக்கு வீடு கொடுக்காமல் நிக்காஹ் இல்லை. வாப்பாவுக்கு மூத்தவள் ராத்தாவும் இளையவள் நானும் என்று இரண்டு பெண்கள். மீன் லொறி ஓட்டினார். ஓட்டமில்லாத நாளில் மேசனோடு நின்று கல் அடுக்கினார். அப்படியும் ராத்தாவின் வீடு எங்கள் வளவின் பின்கோடியில் கூரையில்லாமல், கதவில்லாமல் நின்றுபோயிருந்தது.

மாப்பிள்ளையின் உம்மா பெண்ணின் படம் கேட்டார். உம்மாவின் தம்பி, என் மாமா, கட்டாரில் ஸ்டூடியோவில் வேலை செய்துவிட்டு லீவில் வந்திருந்தார். அவருக்குப் படமெடுப்பதைவிட அதைப் பற்றிக் கதைப்பதில் விருப்பம் அதிகம்.

"படத்தில கோடு இரிந்தா பாக்கிறவங்கட கண் அதாலதான் போகும். நாம கூட்டிப்போற இடத்துக்கு வரும்," என்றார்.

எங்கள் வளவோ ஒடுங்கி நீண்டது. ஒருபக்கம் தகர வேலி, மறுபக்கம் மதிலின் கல்வரிசை, மேலே துணிக்கொடி. மூன்றும் தூரத்தில் போய்ச் சேர்வதுபோல் தெரியுமிடத்தில், புது வீட்டு வாசலை மறைத்தாற்போல ராத்தாவை நிறுத்தினார். கொடியில் காய்ந்த வாப்பாவின் சாரங்களை நான் அள்ளினேன். வெயில் கண்ணில் அடிக்கவே ராத்தா மெல்ல நிழலுக்குத் தள்ளிக்கொண்டாள். அவளைச் சிரிக்கவைப்பதிலேயே மும்முரமாயிருந்த மாமா அதைக் கவனிக்கவில்லை.

படம் போனது. மறுநாள் மாப்பிள்ளையின் உம்மா எங்கள் உம்மாவுக்குப் போனில் கோல் எடுத்தார்.

"புள்ள வடிவு, மாஷா அல்லாஹ். பின்னுக்கு இரிக்கிறதுதானே குடுக்கிற வீடு? கதவுமில்ல, ஓடுமில்ல. வேல முடியட்டும், பிறகு நாள் வைப்பம்."

மாமா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். வேலியும் மதிலும் கொடியும் ராத்தாவைத் தாண்டிப்போய், அந்த வெறும் வாசலில் ஒன்றுகூடியிருந்தன. ராத்தா உள்ளே போய்விட்டாள்.

"மச்சான், இன்னொண்டு எடுப்பம்," என்றார் மாமா.

"வேணாம்," என்றார் வாப்பா. "அவங்க பாக்கிறதத்தான் பாத்திரிக்காங்க."

அன்று பின்னேரம், லொறியால் வந்த உடுப்போடேயே வாப்பா சீமெந்து குழைக்கத் தொடங்கினார். மீன் நாற்றம் போகக் குளிக்கக்கூட இல்லை. எனக்குப் பாவமாக இருந்தது. அப்போது எனக்கு ஏழு வயது. அவரைச் சந்தோஷப்படுத்த வேண்டுமென்று நினைத்துப் பக்கத்தில் போய்க் குந்தினேன்.

"வாப்பா, எனக்கு இதவிடப் பெரிய வீடு கட்டித் தருவீங்களா?"

வாப்பா என்னைப் பார்க்கவில்லை. குழைத்தபடி இருந்த கை நின்றது.

"ஓம் மகள்," என்றார். மண்வெட்டியை வைத்துவிட்டு, அடுக்கியிருந்த கல்லின்மேல் உட்கார்ந்தார். சீமெந்து காய்ந்துகொண்டிருந்தது, அவர் எழும்பவில்லை.

எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. குசினிக்குள் ஓடி, வாப்பா எனக்கும் வீடு கட்டித் தரப்போகிறார் என்று அடுப்பூதிக்கொண்டிருந்த உம்மாவிடம் சத்தமாகச் சொன்னேன். நல்ல செய்தி சொன்ன பிள்ளையின் வாயை உம்மா ஏன் பொத்தினார் என்று எனக்கு விளங்கவில்லை.