நோன்பு வாயால் சொன்ன விலை

எண்பதாம் ஆண்டு நோன்பு மாதத்தில், பொகவந்தலாவைக்கு மேலே ஒரு தோட்டத்துச் சந்தியில் இரண்டு தையல் மெஷின் வாங்கப் போனேன். கொடுத்த தேத்தண்ணியைக் குடிக்க முடியாததால் கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு அங்கேயே நோன்பு திறந்தேன். நடந்தது இவ்வளவுதான். நோன்பு காலத்தில் மலையகம் போகலாமா, என்ன ஏற்பாடு வேண்டும் என்று இந்தப் பக்கத்தை வாசிக்கிற சிலர் கேட்டிருந்தீர்கள். பதில் எழுத உட்கார்ந்தால் எனக்கு அந்தப் பயணம்தான் முன்னால் வந்து நிற்கிறது. அதையே சொல்லிவிடுகிறேன். வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது எனக்கு ஹட்டனில் சின்னத் துணிக்கடை. அதற்கு முன்னால் துணி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்து வரிசை வீடுகளில் லயம் லயமாக ஏறி இறங்கியவன். அந்த ஆண்டுகளில் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு எழுதிக்கொடுத்த தோட்டக் குடும்பங்கள் தலைமன்னாருக்கு ரயிலேறி, அங்கிருந்து கப்பலில் போய்க்கொண்டிருந்தன. போகும் திகதி வந்துவிட்டால் கோழி முதல் கட்டில் வரை விற்றாக வேண்டும். திகதி குறித்தவரிடம் வாங்குவது வியாபாரிக்கு லேசு. விற்கிறவர் காத்திருக்க முடியாது, வாங்குகிறவர் காத்திருக்கலாம்.

அந்தோணியம்மா அப்படிப் போக இருந்தவர். சந்தியில் ஒரு அறையை வாடகைக்கு எடுத்து, மூன்று மெஷின் போட்டுத் தோட்டத்துச் சனங்களுக்குத் தைத்துக் கொடுத்தார். கப்பலில் ஒரு மெஷினைத்தான் கொண்டுபோக விடுவார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். மற்ற இரண்டையும் விற்கிறார் என்று என் காதுக்கு வந்தது. அந்த மெஷின்களும் அறையும் கைக்கு வந்தால் அந்தப் பள்ளத்தாக்கின் தீபாவளித் துணி முழுவதும் என் கடைத் துணியாகிவிடும். எனக்கு அது பெரிய காரியம். அவருக்கு அதைவிடப் பெரியது. அந்தக் காசை வைத்துத்தான் பார்த்தேயிராத திருச்சிப் பக்கத்தில் போய் அடுப்பு மூட்ட வேண்டும்.

என் கணக்கு இது. சந்தியிலிருந்து பஸ் நிற்கும் இடத்துக்கு இறங்கக் கால் மணி. கடைசி பஸ் ஐந்து மணிக்கு. நாலரைக்கு விலையைப் பேசத் தொடங்கி, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று குடையைக் கையில் எடுத்தால் விலை தானாக இறங்கும். வியாபாரத்தில் இருக்கிற எல்லாருக்கும் தெரிந்த முறைதான்.

கிளம்புவதற்கு முன் ஒரு நண்பர், “பயணம் தானே, நோன்பை விடுங்க, பிறகு வேற நாள்ல பிடிச்சுக் கழாச் செய்யலாம்” என்றார். எங்கள் பள்ளிவாசலில் தொழவைக்கிற ஹஸரத்திடம் கேட்டேன். “எவ்வளவு தூரம்?” என்றார். பதினாறு மைல் இருக்கும் என்றேன். சிரித்துவிட்டார். “அந்தச் சலுகைக்கு இது காணாது. நீங்க போறது பயணம் இல்ல, யாவாரம்.” பயணிக்கு நோன்பை விட அனுமதி உண்டு, ஆனால் அதற்குக் கணிசமான தூரம் வேண்டும். நீங்கள் கொழும்பிலிருந்து வருவதானால் உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஹட்டனிலிருந்து ஏறுகிறவர்கள் என்னைப் போலத்தான்.

பகல் ஒரு மணிக்கு லுஹர் தொழுதுவிட்டு பஸ் ஏறினேன். கட்டணம் இரண்டு ரூபாய் சொச்சம். ஆடி மாதத்து மழை. காசல்ரீ நீர்த்தேக்கம் பக்கத்திலேயே இருந்தும் தண்ணீர் கண்ணுக்குத் தெரியவில்லை, வெள்ளையாக ஒரு வெறுமைதான். நோர்வூட்டைத் தாண்டினால் வளைவுக்கு வளைவு பஸ் நின்று மூச்சு வாங்கும். எனக்குத் தெரிந்த நடத்துநர் ஒருவர், என் தொப்பியைப் பார்த்துவிட்டு, முஸ்லிம் அண்ணன்மாரை அழைக்கும் முறையில், “நானா, பின்னுக்கு இருக்காதீங்க. வெறும் வயித்தோட பின் சீட்டுல இருந்தா நோன்பு வாயால வந்துரும்” என்று முன்னால் இடம் கொடுத்தார். இன்றைக்கும் அந்த ஆலோசனை செல்லும்.

இறங்கும்போது மூன்று மணி. சந்திக்கு ஏற்றம். முக்கால் வழியில் மழை பலத்தது. அறைக்குள் நுழையும்போது வேட்டி முழங்கால் வரை நனைந்திருந்தது. அந்தோணியம்மா முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்கவர். கழுத்தில் அளவு நாடா. அவருடைய கணவர் சவரிமுத்துவுக்குத் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடத்தில் வேலை. அன்று லீவு போட்டுக்கொண்டு சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தார்.

“வாங்க நானா, உக்காருங்க. நனைஞ்சுட்டீங்களே” என்று சொல்லிவிட்டு அந்தோணியம்மா உள்ளே போனார். நான் மெஷின்களைப் பார்க்கத் தொடங்கினேன். சக்கரத்தைச் சுற்றி, ஊசி இறங்குகிற சத்தத்தைக் கேட்டேன். இரண்டும் நல்ல நிலையில் இருந்தன. அதை முகத்தில் காட்டாமல் இருக்க நினைத்ததில், சொல்ல வேண்டிய ஒன்றை மறந்துவிட்டேன். அவர் கோப்பையோடு வந்து நின்றார். இஞ்சி தட்டிப் போட்ட, பால் விடாத சாயத் தேத்தண்ணி, சாசரில் ஒரு துண்டுச் சர்க்கரை.

நான் கையை நீட்டவில்லை. “வேணாம், வையுங்க” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

கட்டிக்கொண்டிருந்த கயிற்றை சவரிமுத்து கீழே போட்டார். “எடுத்துட்டுப் போ அந்தோணியம்மா. டவுன் தொண்டைக்கு லயத்துத் தேத்தண்ணி எறங்காது. போன கிழமை வந்தவரும் இப்படித்தான். கோப்பையைத் தொடல, ஒண்ணு எழுநூறுன்னாரு, போயிட்டாரு. கைரேகை படாம விலை மட்டும் படணும் இவங்களுக்கு.”

தோட்டப் பக்கம் பழகாதவர்களுக்கு இது விளங்காது. வீட்டுக்கு வந்தவன் தேத்தண்ணியை மறுத்தால், அது தாகம் இல்லை என்று அர்த்தம் அல்ல. உன் கோப்பை எனக்குக் கீழானது என்று அர்த்தம். ஆபீஸ்காரரும் கடைக்காரருமாக எத்தனையோ பேர் அதை அவர்களுக்கு அப்படியே பழக்கிவைத்திருந்தார்கள். லயம் லயமாகத் திரிந்த எனக்கு இது தெரியாததல்ல.

“இல்ல தம்பி, நான் நோன்பு” என்றேன்.

அந்தோணியம்மா என் தொப்பியைப் பார்த்தார், கோப்பையைப் பார்த்தார். “அட ஆண்டவரே! நோன்பாளிகிட்டக் கொண்டாந்து நீட்டிட்டேனே. மணம் பட்டாலும் முறிஞ்சுருமா?”

“மணத்துக்கெல்லாம் முறியாது. அப்படீன்னா உங்க தோட்டத்துப் பக்கமே நோன்போட வர ஏலாதே.”

சவரிமுத்துவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அந்தோணியம்மா சிரித்துக்கொண்டே ஒரு நிபந்தனை போட்டார். “சரி நானா. நான் ஒண்ணு நெனச்சிருக்கேன். போன கிழமை அந்த ஆளு போனப்பவே நெனச்சது. தேத்தண்ணி குடிக்காத வாயோட விலை பேச மாட்டேன். உங்க நோன்பு எப்ப முடியும்?”

“ஆறரைக்கு.”

“அப்ப ஆறரைக்குப் பேசுவோம்.”

“பஸ் அஞ்சுக்குத் தங்கச்சி.”

“பஸ்ஸு நாளைக்கும் வரும். நாங்கதான் அடுத்த மாசம் போயிருவோம்.”

என்னுடைய ஒரே ஆயுதம் பஸ். அதை அவர் என் கையிலிருந்து பிடுங்கிவிட்டார். எழுந்து போகலாம். போனால் மெஷின் வேறு யாரிடமோ போகும். கீழே பொகவந்தலாவை பஜாரில் தெரிந்த கடைக்காரர் ஒருவர் இருந்தார், இரவு படுக்க இடம் கொடுப்பார். உட்கார்ந்துவிட்டேன்.

அந்த மூன்று மணி நேரத்தில் அந்தக் குடும்பம் எனக்குத் தெரியக்கூடாது என்று உள்ளே போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வந்தது. நான் பார்த்துவிட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. அஸர் தொழ ஒரு புதுத் துணியை விரித்துக் கொடுத்தார்கள். தொழுது வந்ததும் அந்தோணியம்மா மெஷினை மிதித்துக்கொண்டே கேட்டார்.

“எங்களுக்கும் தவக்காலம் இருக்கு. ஆனா தண்ணிய விடுறதில்ல. எதுக்கு நானா இப்படிக் காயுறீங்க?”

“ஏழையோட பசி தெரியணும்னு சொல்வாங்க.”

மெஷின் நின்றது. “எழுபத்துநாலுல நாங்க கெடந்தோமே, அது என்ன பசி? மாவு இல்ல, அரிசி இல்ல. கண்ட இலையையும் அவிச்சுத் தின்னோம். இவரோட அம்மா அந்த வருஷந்தான் செத்தாங்க. உங்க பசிக்கு மணி தெரியும் நானா. ஆறரைன்னு தெரியும். எங்க பசிக்கு அன்னைக்கு மணி தெரியல.”

பதில் இருக்கிற மாதிரி பேச மனம் வரவில்லை. எனக்குத் தெரிந்ததை மட்டும் சொன்னேன். “நீங்க பட்டது எங்களுக்கு வராது தங்கச்சி. அந்தப் பேச்சை விடுவோம். இது வேற. இப்ப வர்ற வழியில மலை ஊத்துத் தண்ணி விழுற ஒரு பீலி இருந்திச்சு. நல்ல தண்ணி. ஒரு மனுசரில்ல. குனிஞ்சு ரெண்டு கை அள்ளிக் குடிச்சா யாருக்குத் தெரியும்? குடிக்கல. அதுதான் நோன்பு. தொழுறத நாலு பேர் பாப்பாங்க. தர்மம் குடுத்தா ஊரே பேசும். இது மட்டும் எனக்கும் படைச்சவனுக்கும் நடுவுல. வாய்க்குள்ள போறத மட்டுமில்ல, வாயிலருந்து வர்றதையும் புடிச்சு வைக்கணும். பொய் சொல்லிட்டுப் பட்டினி கிடந்தா, அது வெறும் பட்டினிதான்.”

சொல்லி முடித்த பிறகுதான் என்ன செய்துவிட்டேன் என்று விளங்கியது. அந்தோணியம்மா மெஷினிலிருந்து கையை எடுத்துவிட்டு நேராகப் பார்த்தார்.

“விலைய ஆறரைக்குப் பேசுவோம். அதுக்கு முந்தி ஒண்ணே ஒண்ணு. நோன்பு வாயால சொல்லுங்க. இந்த மெஷின ஹட்டனுக்குக் கொண்டு போனா, ஒண்ணு என்ன விலைக்குப் போவும்?”

சவரிமுத்து, “மாட்டுனீங்க நானா” என்றார்.

நாலரை மணி இருக்கும். தெரியாது என்று சொல்லலாம், அதுவும் பொய். குறைத்துச் சொல்லலாம், யாருக்குத் தெரியும்? இந்த ‘யாருக்குத் தெரியும்’ என்ற வார்த்தையைத்தான் ஐந்து நிமிடத்துக்கு முன் நானே பீலித் தண்ணீருக்குச் சொல்லியிருந்தேன். வரும் வழியில் தண்ணீரைக் குடிக்காமல் விட்டது எனக்குக் கஷ்டமாக இருக்கவில்லை. இதுதான் கஷ்டமாக இருந்தது. அத்தனை வருடம் பிடித்த நோன்பில், நாக்கு வறண்டதைத் தவிர நாக்கால் வேறு எதையும் நான் இழந்ததில்லை.

“ஆயிரத்துக்குக் குறையாது” என்றேன். “நல்ல மெஷின்.”

அவர் தலையை ஆட்டிவிட்டுத் தையலைத் தொடர்ந்தார். ஐந்து மணிக்குக் கீழே பஸ் ஹார்ன் அடித்துப் போனது எங்கள் மூவருக்கும் கேட்டது.

மலைக்குப் பின்னால் வெளிச்சம் போனதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்தப் பள்ளத்தாக்கில் சூரியன் மலையில் மறைந்து வெகு நேரம் கழித்துத்தான் உண்மையில் அடையும். பஜார்ப் பள்ளிவாசல் பாங்கு அவ்வளவு உயரத்துக்கு எட்டாது. சவரிமுத்து பக்கத்து லயத்தில் ஒரு ரேடியோ இரவல் வாங்கி வந்தார். பட்டரி பழசு, அடுப்பங்கரையில் வைத்துச் சூடாக்கிப் போட்டார். “அவசரப்படாதீங்க. எங்க வீட்டுல வந்து முந்தித் திறந்துட்டீங்கன்னா பாவம் எங்க தலையில.” கரகரப்புக்கு நடுவே பாங்கு வந்தது. பையில் இரண்டு பேரீச்சம்பழம் இருந்தது. ஒன்றை நான் எடுத்துக்கொண்டு மற்றதை அவர்களிடம் கொடுத்தேன். பிய்த்துப் பங்கு வைத்துக்கொண்டார்கள். இஞ்சித் தேத்தண்ணி புதிதாக வந்தது. ரொட்டி, தேங்காய்ச் சம்பல். அந்தத் தேத்தண்ணியின் சூடு நெஞ்சுக்குள் இறங்கியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

பிறகு விலை பேசினோம். நோன்பு திறந்தாயிற்று, இனி வழக்கமான பொய்யை அவிழ்த்து விடலாம் என்று ஒரு நினைப்பு வராமல் இல்லை. ஆனால் சொன்ன சொல் மேசை மேல் கிடந்தது. அதை யாரும் எடுக்க முடியாது.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். பேரீச்சம்பழம் சட்டைப் பையில் இருக்கட்டும், பஸ் எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது. கடைசி பஸ்ஸின் நேரத்தைக் காலையிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்; மழைக்காலத்தில் அது முந்திப் போகும், அல்லது வரவே வராது. மலை மறைத்ததை வைத்து நோன்பு திறக்காதீர்கள், நேர அட்டவணையைப் பாருங்கள். தோட்டத்து வீட்டுக்குள் கால் வைத்ததும் முதல் பேச்சாக நோன்பு என்று சொல்லிவிடுங்கள், கேத்தல் அடுப்பில் ஏறுவதற்கு முன்னால். நோன்பு எதற்கு என்று அவர்கள் கேட்டால் ஏழையின் பசி என்று தொடங்காதீர்கள். அது அவர்களுக்குத் தெரிந்த பாடம்.

நீங்கள் கேட்கப்போவது கடைசியில் என்ன விலை என்பதுதான். நானும் தர்மம் செய்யப் போகவில்லை. கூலி, பஸ் செலவு, என் லாபம் எல்லாவற்றையும் சொல்லித்தான் பேசினேன். அவரும் ஒவ்வொன்றையும் கேட்டுத்தான் விட்டுக்கொடுத்தார். இரண்டு மெஷினும் வெட்டு மேசையும் சேர்த்து ஆயிரத்து எழுநூற்றைம்பது ரூபாய். பாதி அன்றே. அவர்கள் போகும் நாள் வரை மெஷின்களும் அறையும் அவரிடமே இருக்கும், பிறகு என்னிடம்; அதுவரை தையல் கூலியும் அவருக்கே. மீதிப் பாதி நோன்புப் பெருநாள் கழிந்து அவர்கள் ஹட்டனில் ரயிலேறுகிற காலையில். அதுவும் கடையில் அல்ல, என் வீட்டில், என் மனைவி ஊற்றும் தேத்தண்ணியை அவர்களும் நானும் சேர்ந்திருந்து குடித்து முடித்த பிறகு.