கண்மாய்க் கரையில் கொடுத்த வாக்கு

வல்லத்திராக்கோட்டைக்கு அருகிலுள்ள எங்கள் ஊரில், சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஐப்பசி மழையில் கண்மாய் தளும்பி நின்றது. எங்காவது வெட்டித் தண்ணீரை வடிக்காவிட்டால் கரையே உடைந்துவிடும். கரையைக் கிழக்கே வெட்டினால் கீழத்தெருவுக்குள் தண்ணீர் புகும். மேற்கே வெட்டினால் என் தாய்மாமாவின் நெல்வயல் மூழ்கும். கரைக் காவலை ஊர் அவரிடம்தான் ஒப்படைத்திருந்தது.

"கிழக்க வெட்ட மாட்டோம். அங்கிட்டு சனம் இருக்குல்ல? போய்ச் சொல்லு," என்றார் மாமா.

பள்ளிக்கூடத்துக்குச் சாமான்களைச் சுமந்துகொண்டிருந்த கீழத்தெருக்காரர்களிடம் நான் அதைச் சொன்னேன்.

"படிச்ச புள்ள சொன்னாச் சரியாத்தான் இருக்கும்," என்று சிரித்த செல்வியக்கா, தையல் மெஷினைத் திரும்ப வீட்டுக்குள் வைத்தார்.

மறுநாள் காலையில் கீழத்தெரு மூழ்கியது. ஆட்கள் தப்பினார்கள், மண்சுவர்கள் கரைந்துபோயின. கரை தானாக உடையவில்லை. கிழக்கே மண்வெட்டியால் வெட்டியிருந்தார்கள்.

மாமாவிடம் ஓடினேன். "ஏன் மாமா என்னையச் சொல்ல வச்சீங்க?"

"முன்னாடியே தெரிஞ்சா கரையில வந்து ஒக்காந்துருவாங்க. வெட்ட விட்டிருப்பாங்களா? நீ சொன்னாத்தான் நம்புவாங்க. ஒங்க வீடு மேட்டுலதானே இருக்கு, ஒனக்கென்ன?"

பள்ளிக்கூடத்தில் செல்வியக்காவிடம் நடந்ததைச் சொன்னேன். ஈரத் துணியைப் பிழிந்தபடி, "ஒனக்குத் தெரியாதுன்னே வச்சுக்குவோம்," என்றார். என் முகத்தை அவர் பார்க்கவில்லை.

மாமாவின் வயல் அந்தத் தையில் நன்றாக விளைந்தது. இப்போது மழை வலுத்தால் கீழத்தெருவினர் யாரையும் கேட்காமல் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அதுவே சரியென்று என் அறிவு சொல்கிறது. ஆயினும் நான் சாமான் தூக்கக் கை நீட்டும்போது, "இருக்கட்டுங்க, நாங்க பாத்துக்குறோம்," என்று செல்வியக்கா விலகிப் போவதை என்னால் இன்னும் தாங்க முடிவதில்லை.