இடம் கீதே, சார்!

இந்த வாரப் பத்தியில் சத்து மாத்திரையைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். எழுத முடியவில்லை. திங்கட்கிழமை காலை நான் பார்த்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்!

உத்திரமேரூர் ஏரிக்கரையைத் தாண்டி உள்ளே போனால் இருளர் குடிசைகள் கொஞ்சம் இருக்கின்றன. கிராம நர்ஸாக நான் தடுப்பூசி போடப் போகும் இடம். ஊசியோடு சேர்த்து ஒரு நச்சரிப்பும் உண்டு... “பிள்ளைங்களை ஸ்கூலுக்கு அனுப்புங்க!” ஜூன் மாதம் ஐந்து குழந்தைகளை நானே கூட்டிப்போய்ப் பக்கத்து ஊர்ப் பள்ளியில் சேர்த்தேன். பெருமை தாங்கவில்லை எனக்கு.

போன வாரம் அவர்களில் ஒருத்தியான கன்னியம்மாவைப் பார்த்தேன். எட்டு வயது. பஸ் கண்டக்டராகி விசில் ஊதப் போகிறாளாம்! அவள் சிலேட்டை வாங்கிப் பார்த்தால் ‘மாடு பு’ என்று எழுதியிருந்தது.

“இது என்னடி?”

“மாடு புல் தின்னும். போர்டுல எனக்கு அவ்ளோதான் தெரியுது. மீதிய கதவு மறைக்குது.”

“கதவா? நீ எங்கே உட்கார்ந்திருக்கே?”

“வராந்தாவுல. நாங்க அஞ்சு பேரும் அங்கதான்.”

நேராகத் தலைமையாசிரியரிடம் போனேன். “உள்ளே இடம் இல்லைம்மா” என்றார். மூன்று மாதமாக இடம் இல்லையாம்! அதுவும் சரியாக இந்த ஐந்து பேருக்கு மட்டும்! ஏன் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். கலெக்டருக்கு மனு எழுதுகிறேன் என்று கன்னியம்மாவின் அம்மா செல்லியிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

செல்லி தலையை மட்டும் ஆட்டினாள்.

திங்கட்கிழமை அந்த ஊரில் எனக்கு வேலை. பள்ளிக்கூட வாசலில் ஒரே கூட்டம். எட்டிப் பார்த்தால்... வகுப்பில் முதல் வரிசையில், தரையில் சம்மணம் போட்டு அந்த ஐந்து பிள்ளைகளின் அம்மாக்கள்! நடுவில் செல்லி. களை வேலைக்குப் போகாமல், தலை வாரி, பூ வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். பின்னால் மற்றப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள்.

“எழுந்திருங்கம்மா! இன்னா இது?” தலைமையாசிரியர் கத்தினார்.

செல்லி நிதானமாகச் சொன்னாள். “உள்ள இடம் இல்லன்னு சொன்னீங்களாம். நாங்க தடி தடியா அஞ்சு பேரு குந்திக்கினு கீறோம். இடம் கீதே, சார்!”

எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது. ஆனால் வாசலில் நின்ற ஒருவர் குரல் கொடுத்தார். “அந்தப் பசங்க உள்ள வந்தா எங்க பசங்கள நிறுத்திடுவோம்!”

தலைமையாசிரியர் அவரைப் பார்த்தார், செல்லியைப் பார்த்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அப்போது ரெட்டைப் பின்னல் போட்ட ஒரு குட்டிப்பெண் நகர்ந்து உட்கார்ந்து, பக்கத்தில் தரையைத் தட்டினாள்.

“கன்னிமா, இங்க வா!”

அவ்வளவுதான். தலைமையாசிரியர் வராந்தா பக்கம் திரும்பினார். “வாங்க... எல்லாரும் உள்ளே வாங்க.”

இரண்டு பேர் தங்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போனது உண்மை. புதன்கிழமையே திருப்பிக் கொண்டுவந்து விட்டதும் உண்மை. “வூட்ல வெச்சிக்கினு பேஜார் தாங்கல சார்” என்றார்களாம்!

நான் மனு எழுத வெள்ளைத்தாள் தேடிக்கொண்டிருந்தேன். அவர்கள் போய் உட்கார்ந்தே விட்டார்கள். நம்மைப் போன்றவர்கள் உதவி செய்யக் கிளம்பும்போது, யாருக்கு உதவுகிறோமோ அவர்களிடம் ஒரு வார்த்தை யோசனை கேட்கிறோமா?

இன்னும் ஒன்று. பிள்ளைகள் உள்ளே வந்ததும் நான்கு அம்மாக்கள் எழுந்து போய்விட்டார்கள். செல்லி மட்டும் எழுந்திருக்கவில்லை. “உன் வேலைதான் முடிஞ்சுதே, வா” என்று கூப்பிட்டேன்.

“இரு நர்சம்மா. நாங்க வந்தப்போ சார் ஒரு ராசா காட்டுல வழி தவறிட்ட கத சொல்லிக்கினு இருந்தாரு. அந்தாளு வெளிய வந்தானா இல்லியான்னு தெரிய வேணாமா?”

மணி அடிக்கும்வரை கேட்டாள். ராஜா பத்திரமாக ஊர் திரும்பினார். செல்லி முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

“நாளிக்கு இன்னா பாடம், சார்?”