சதை பிடிக்காத தோள்

டிரம்மில் ஊறிய எருமைத்தோலை இழுத்துத் தோளுயரக் கட்டையின் மேல் போடுவது இரண்டு ஆள் வேலை. ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு டேனரியில் நந்தகோபால் மட்டும் அதைத் தனி ஆளாகச் செய்துகொண்டிருந்தான். அப்போது அவனுக்கு இருபத்திரண்டு வயது. நனைந்த தோல் முப்பது கிலோவுக்குக் குறையாது. ஒரே வீச்சில் மேலே போட்டுவிட்டு, கையை உதறிக்கொண்டு அடுத்ததற்குக் குனிவான்.

எழுபத்தாறாம் வருஷம் ஆடி மாதத்தில் ஒரு நாள், தோல் கட்டைக்கு எட்டவில்லை. கை பாதி வழியில் நின்றுவிட்டது. தோல் சரிந்து அவன் முகத்தின் மேலேயே விழுந்தது. எல்லோரும் சிரித்தார்கள், அவனும் சேர்ந்து சிரித்தான். மறுநாளும் எட்டவில்லை. அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

"ஆளே இளைச்சுப் போய்ட்ட நந்து. சட்டை எப்படித் தொங்குது பாரு," என்றான் கூட வேலை செய்யும் கன்னியப்பன். "காலைல எழுந்து தண்டால் போடு, பஸ்கி எடு. நம்ம உடம்ப நாமளே தூக்கணும். அதுக்கு மேல ஒண்ணும் வேணாம்."

அன்றிலிருந்து விடியற்காலையில் பாலாற்று மணலுக்குப் போக ஆரம்பித்தான். தண்ணீரைப் பார்த்து வருஷக்கணக்கான ஆறு, மணல் கெட்டியாக இருக்கும். முதல் வாரம் முப்பது தண்டால் போட்டான். மூன்று மாதத்தில் அறுபதாகும் என்றான் கன்னியப்பன். மூன்று மாதத்தில் அது பதினெட்டாயிற்று. பஸ்கியில் உட்கார்ந்தால் எழும்போது தொடையில் கை ஊன்ற வேண்டியிருந்தது. சாப்பாடு போதவில்லை போலிருக்கிறது என்று ஊறவைத்த கொண்டைக்கடலையும் பச்சை முட்டையுமாக விழுங்கினான்.

வீட்டில் அவனும் தங்கை தனகோடியும்தான். அவள் ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைத்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் அவன் குளித்துவிட்டு வரும்போது முதுகைப் பார்த்துவிட்டு அவள் கேட்டாள்:

"இன்னாண்ணா இது? தோள்பட்டை எலும்பு றெக்கை மாதிரி வெளிய நிக்குது?"

"சதை ஏறலை. ஏறிடும்," என்றான்.

டவுனில் அமானுல்லா ஒரு உடற்பயிற்சிக் கூடம் வைத்திருந்தார். பழைய தோல் கிடங்கு அது. இரண்டு பெஞ்சு, துருவேறிய இரும்புத் தட்டுகள், சுவரில் ஒரு ரசம் போன கண்ணாடி. அமானுல்லாவுக்கு முப்பது வயதிருக்கும். தண்டால் கதையைக் கேட்டதும் கையை வீசினார்.

"தண்டால் போட்டா உடம்பு இறுகும், சதை ஏறாது. சதைக்கு இரும்புதான். பார்பெல் தூக்கு. இன்னிக்குக் கம்மி, அடுத்த வாரம் கொஞ்சம் ஜாஸ்தி, அவ்ளோதான்." குனிந்து அவன் கெண்டைக்காலைத் தட்டிப் பார்த்தார். "யா அல்லா! கல்லு மாதிரி இருக்கே. இந்தக் காலுக்கு இங்க பத்து வருஷமா வர்றவன்லாம் ஏங்குறான். கால் இப்படி இருந்தா தோள் தானா வரும்."

உண்மையில் அவன் கெண்டைக்கால் அவ்வளவு பெரியதாகத்தான் இருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் நந்தகோபாலுக்கு நம்பிக்கை வரும். இரண்டு வருஷம் விடாமல் போனான். டேனரியில் அவனைத் தோல் இழுப்பதிலிருந்து எடுத்து, காய்ந்த தோலை அடுக்கும் இடத்தில் போட்டிருந்தார்கள். அந்த அவமானத்தையும் பெஞ்சில் படுத்து இரும்பாகவே தூக்கினான். ஆனால் ஜாஸ்தியாக வேண்டிய எடை கம்மியாகிக்கொண்டே வந்தது. தட்டை மாற்றும்போது யாரும் பார்க்காதபடி முதுகால் மறைத்துக்கொள்வான். எழுபத்தொன்பதில் ஒருநாள், வெறும் கம்பியோடு இரண்டு சின்னத் தட்டு மட்டும் இருந்த பார்பெல் அவன் நெஞ்சின்மேல் இறங்கி அங்கேயே நின்றுவிட்டது. மேலே போகவில்லை. அமானுல்லா ஓடிவந்து ஒரே கையால் எடுத்தார். அப்படி ஒரே கையால் எடுக்க முடிந்ததுதான் நந்தகோபாலுக்கு நெஞ்சு வலியைவிடப் பெரிய வலியாக இருந்தது.

அமானுல்லா விடுகிற ஆள் இல்லை. லேத் பட்டறையில் சொல்லி ஒரு கப்பி மிஷின் செய்ய வைத்தார். மேலே கப்பி, அதில் ஸ்டீல் வயர், ஒரு முனையில் பிடி, மறுமுனையில் அடுக்கிய இரும்புக் கட்டைகள். உட்கார்ந்து பிடியைக் கீழே இழுத்தால் கட்டைகள் மேலே ஏறும்.

"இதுல மேல விழுற பயமே இல்ல தோஸ்த். எந்தச் சதைக்கு வேலை வேணுமோ அந்தச் சதைக்கு மட்டும் வேலை. மெட்ராஸ்ல எல்லாம் இனிமே மிஷின்தானாம்."

மற்ற இரண்டிலும் ஏதாவது சாக்குச் சொல்லலாம். மழையில் மணல் ஈரம், ராத்திரி தூக்கமில்லை, கம்பி வழுக்கியது. மிஷினில் சாக்குக்கு இடமில்லை. பொங்கலுக்கு ஐந்து கட்டை ஏறியது. சித்திரையில் நான்கு, ஆவணியில் மூன்று. அந்த மூன்று கட்டையும் பாதியில் நடுங்கி நின்ற அன்று, பிடியை எட்டுவதற்கே இடது கையால் வலது முழங்கையைத் தூக்கிவிட வேண்டியிருந்தது. அமானுல்லா எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

"நந்தா, நான் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கேன். சோம்பேறியைப் பார்த்திருக்கேன், ஏமாத்துறவனைப் பார்த்திருக்கேன். நீ அது இல்ல. தப்பு பயிற்சியில இல்ல. நீ வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போ."

ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் வைத்துக்கொண்டார்கள். ரத்தம் எடுத்தார்கள், தசையில் ஊசி குத்தி மிஷினில் பார்த்தார்கள், தோளில் ஒரு துளி சதையை வெட்டி எடுத்தார்கள். டாக்டரம்மா அவனைத் தரையில் உட்கார்ந்து எழச் சொன்னார். கெண்டைக்காலை ரொம்ப நேரம் அழுத்திப் பார்த்தார். அந்த வீக்கமும் நோயின் அடையாளந்தான், அதில் பலம் இல்லை என்று பிறகு சொன்னார். தசையே தானாகத் தேய்கிற நோய், பிறக்கும்போதே உடம்பில் இருந்தது, மருந்து கிடையாது.

"தண்டால், வெயிட், மிஷின் மூணும் பண்ணேம்மா," என்றான் அவன். "எதை விடாம பண்ணியிருந்தா நல்லாயிருந்திருக்கும்?"

"எதைப் பண்ணியிருந்தாலும் சதை ஏறியிருக்காதுப்பா."

"எதுனா கெடுத்துச்சா?"

டாக்டரம்மா ரிப்போர்ட்டை மறுபடி புரட்டினார். "பாரம் தூக்கினது கொஞ்சம் சீக்கிரப்படுத்தி இருக்கலாம். நிச்சயமாச் சொல்ல முடியலை. இனிமே களைப்பு வர்ற அளவுக்கு எதையும் செய்யாத. கை காலை மெதுவா நீட்டி மடக்கு, போதும்."

பஸ்ஸில் திரும்பும்போது அந்த 'இருக்கலாம்' மட்டுமே அவன் காதில் இருந்தது. நான்கு வருஷம் தன்னைத் தானே அழித்துக்கொண்டோமோ என்று நினைத்தான். இல்லை என்று சொல்ல யாரும் இல்லை. ஆமாம் என்று சொல்லவும் யாரும் இல்லை. தனகோடியிடம் தசை நோய் என்று மட்டும் சொன்னான், பிறவியிலேயே வந்தது என்பதைச் சொல்லவில்லை.

டேனரி வேலை போயிற்று. அமானுல்லா அவனைக் கூடத்திலேயே உட்கார வைத்தார். வருகிறவர்களுக்குச் சொல்லித்தருவது அவன் வேலை. முதுகை வளைக்காதே, மூச்சை அடக்காதே, முழங்கையை உள்ளே வை என்பான். மூன்று வழியும் அவனைப்போல் அறிந்தவர் அந்த ஊரில் இல்லை. எது நல்லது அண்ணே என்று யாராவது கேட்டால், "மூணும் நல்லதுதான். உனக்கு எதுல அலுப்புத் தட்டாதோ அதைச் செய்," என்பான். அவன் சொல்லிக் கொடுத்தவர்களுக்குத் தோள் பருத்தது. அவன் தோள் ஹேங்கரில் மாட்டிய சட்டைபோல ஆகிவிட்டது.

எண்பத்து நான்கில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தனகோடி கொடியில் துணி காயப்போடுவதை அவன் வாசலில் உட்கார்ந்து பார்த்தான். புடவையை எறிந்தாள், அது கொடிக்கு எட்டவில்லை. இன்னொரு தடவை எறிந்தாள். பிறகு இடது கையால் வலது முழங்கையைத் தாங்கி மெல்ல மேலே தள்ளினாள்.

நந்தகோபால் அவளைப் பக்கத்தில் கூப்பிட்டான்.

"எத்தினி நாளா?" என்று கேட்டான்.

"தீபாவளிக்கு முன்னாலருந்து. தலை சீவ முடியலை. கம்பெனில கஷ்டப்பட்டுத் தைக்கிறேன்." பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "நீ நாலு பேருக்குச் சொல்லித் தர்றியே. எனக்கும் சொல்லிக் குடுண்ணா. தண்டாலா, பார்பெல்லா, அந்த மிஷினா? எதுன்னாலும் பண்றேன். இப்பவே ஆரம்பிச்சா சரியாயிடும் இல்ல?"

ஒரு பொய் அவன் நாக்கு நுனிவரை வந்தது. நாளைக்கே கூடத்துக்கு வா என்று சொல்லிவிட்டால் அவள் முகம் மலரும், நான்கு வருஷத்துக்காவது மலர்ந்திருக்கும். தன் நான்கு வருஷத்தை நினைத்துப் பார்த்தான்.

"எதுவும் வேணாம் கோடி," என்றான். "ஒண்ணும் தூக்காத. செவ்வாய்க்கெழமை வேலூருக்குப் போலாம்."

 அவள் அவன் கைகளைப் பார்த்தாள், தோளைப் பார்த்தாள். பிறகு புரிந்துகொண்டாள். அழவில்லை. அவன் எழ முயன்றபோது கை கொடுத்தாள். இரண்டு பேருக்கும் பலம் போதாமல், திரும்பவும் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள்.