வௌவாலின் கணையமும் அத்தானின் மாம்பழமும்

அது மாங்கனித் திருவிழாவுக்கு முந்தைய வியாழக்கிழமை. புதன் என்று அக்கா இன்றும் சாதிக்கிறாள். வியாழக்கிழமைகளில் அவள் வீட்டில் மீன் கிடையாது. அன்றும் சமைக்கவில்லை, ஆகவே வியாழன்தான்.

கோட்டுச்சேரியில் அக்கா வீட்டுக் கொல்லையில் அத்தானும் நானும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். அத்தான் அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை நோய்க்குப் பல வருஷமாக மாத்திரை சாப்பிடுகிறார், பாகற்காய் ஜூஸும் குடிக்கிறார். திருவிழா முடிந்ததும் எடுக்கிற ரத்தப் பரிசோதனையில் அளவு இறங்காவிட்டால் இன்சுலின் ஊசிதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அத்தானுக்கு உலகத்தில் வேறு எதற்கும் பயம் கிடையாது. ஊசி என்றால் ஆகாது. தடுப்பூசி முகாமில் அவரைப் பிடித்துக்கொள்ள இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். அதில் ஒருவன் நான்.

பொழுது சாய்ந்ததும் பக்கத்துத் தோப்பு இலுப்பை மரத்திலிருந்து பழந்தின்னி வௌவால்கள் கிளம்பின. மூடிக்கிடக்கும் அரிசி ஆலையிலிருந்து சின்ன வௌவால்கள் வந்து கொசுவைத் துரத்தின. நான் சமீபத்தில் படித்ததைச் சொன்னேன். இரண்டும் வௌவால்தான், ஆனால் கணையம் ஒன்று போல இல்லை. பூச்சி தின்பதன் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் திட்டுகள் குறைவு. பழம் தின்பதற்கு அந்தத் திட்டுகள் தாராளம். தன் எடைக்கு ஈடாகப் பழம் தின்றாலும், ஏறின சர்க்கரை சீக்கிரமே இறங்கிவிடும்.

அத்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அப்ப பழம் திங்கத் திங்க கணையம் தேறிக்கும்ங்கிற, மாப்ள?”

அது லட்சக்கணக்கான வருஷங்களில், தலைமுறை தலைமுறையாக நடந்தது, ஒரு வௌவாலின் ஆயுசில் நடந்ததில்லை என்று விளக்கினேன். அவர் பொறுமையாகத் தலையாட்டினார். அந்தப் பகுதி வௌவால்களுக்கு மட்டும் உரியது என்று எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது.

திருவிழா அன்று காரைக்காலில் சுவாமி வீதியுலா வரும்போது, வேண்டிக்கொண்டவர்கள் மொட்டை மாடிகளிலிருந்து கூடை கூடையாக மாம்பழம் வீசினார்கள். கீழே நின்றவர்கள் துண்டை விரித்துப் பிடித்தார்கள். அத்தான் குடையைத் தலைகீழாக விரித்துப் பிடித்தார். மாம்பழம் வாங்கமாட்டேன் என்று அக்காவிடம் சத்தியம் செய்திருந்தவர் அவர். அதை நினைவூட்டினேன்.

“கடையில வாங்குனாத்தான் பழம். மேலேருந்து வந்தா பிரசாதம்,” என்றார். என் தோளில் பட்டு விழுந்ததையும் குனிந்து எடுத்துக்கொண்டார்.

வீட்டில் பழங்களைக் கூடத்தில் பரப்பி, கனிந்தது முதலில் என்று ஆரம்பித்தார். அக்கா பழங்களைத் தன் பக்கம் இழுத்தாள். கணையத்துக்குப் பயிற்சி கொடுக்கிறேன், உன் தம்பியே சொன்னான், விஞ்ஞானம் என்றார் அவர். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஆனால் கேட்டது அவரைத்தான்.

“அந்த வௌவாலு ராத்திரி என்னங்க பண்ணும்?”

“பறக்கும்.”

“எவ்வளவு தூரம்?”

அவர் என்னைப் பார்த்தார். பல மைல் போகும் என்றேன்.

“அது தின்னத பறந்தே கரைச்சிருது. நீங்க அதுக்கிட்டேருந்து தொங்குறத மட்டும்தான் கத்துக்கிட்டீங்க,” என்று அவர் பொழுதெல்லாம் உட்கார்ந்திருக்கும் கூடத்து ஊஞ்சலைக் காட்டினாள்.

மறுநாள் விடிகாலையிலிருந்து அத்தான் வாய்க்கால் கரையில் நடந்தார். துணைக்கு என்னையும் அக்கா அனுப்பினாள். தண்டனை என்று அவள் சொல்லவில்லை. கைகளை அவர் வீசிய வீச்சில் கரையில் மேய்ந்த ஆடுகள் ஒதுங்கின. திரும்பி வந்ததும் சர்க்கரை போடாத டீ குடிப்பார். நடந்ததற்குக் கூலியாக ஒரு கீற்று மாம்பழமும் சாப்பிடுவார்.

பரிசோதனை முடிவு வந்தது. அளவு இறங்கவில்லை; ஏறியிருந்தது. அத்தான் டாக்டரிடம் வௌவால் விஷயத்தை ஆதியோடந்தமாகச் சொன்னார். டாக்டர் குறுக்கிடாமல் கேட்டார்.

“உங்களுக்கு இருக்கிறது மனுஷக் கணையம்ங்க. நான் அதுக்குத்தான் வைத்தியம் பாக்குறேன்,” என்று சொல்லி இன்சுலின் எழுதினார்.

பேனா மாதிரி இருக்கும் அந்த ஊசியை எப்படிப் போடுவது என்று நர்ஸிடம் அக்கா கற்றுக்கொண்டாள். அன்று சாயங்காலம் அத்தான் கட்டிலில் படுத்து, சட்டையைத் தூக்கிவிட்டுக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். ஒரு கையால் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். கவனத்தைத் திருப்ப ஏதாவது பேசச் சொன்னார். வௌவாலைத் தவிர என்றார். காரைக்காலுக்கு ரயில் முதலில் எப்போது வந்தது, பாதையை எப்போது பிடுங்கினார்கள், மறுபடி எப்போது வந்தது என்று ஆரம்பித்தேன்.

“குத்துறப்ப சொல்லிட்டுக் குத்து,” என்றார் அக்காவிடம்.

“போட்டாச்சுங்க. மூடி வச்சிட்டேன்.”

அவர் நம்பவில்லை. வயிற்றைத் தடவிப் பார்த்தார். எழுந்து உட்கார்ந்து ஊசியைக் கேட்டு வாங்கி, மூடியைத் திறந்து, முடி போலிருந்த முனையை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். முகத்தில் நிம்மதியைக் காணோம். ஏமாற்றப்பட்டவரின் கோபம்தான் இருந்தது.

“இதுக்குப் பயந்துகிட்டா இத்தன வருஷம் பாவக்கா ஜூஸ் குடிச்சேன்?” என்றார்.